ஆடி மர்ஃபியைப் பற்றி மேடையில் பேசப் போகிறீர்களா?

பள்ளியிலோ சங்கத்திலோ, இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிப் பிறகு சினிமா நடிகரான அமெரிக்க வீரர் ஆடி மர்ஃபியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னால், பதக்கப் பட்டியலை வாசித்து ஆரம்பிக்காதீர்கள், கூட்டம் அங்கேயே கொட்டாவி விட்டுவிடும். டெக்சாஸில் ஏழைக் குத்தகை விவசாயி வீட்டுப் பையன், வயதைக் கூட்டிக் காட்டிப் படையில் சேர்ந்தவன் என்று இரண்டு வரி சொல்லுங்கள். (பிறந்த ஆண்டு 1924 என்றும் 1925 என்றும் இருப்பது இதனால்தான், அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.)

அப்புறம் நேராக 1945 ஜனவரி 26. பிரான்ஸில் கோல்மார் பக்கம் ஹோல்ட்ஸ்விர் கிராமம். ஆறு ஜெர்மன் டாங்குகளும் அவற்றோடு காலாட்படையும் வருகின்றன. மர்ஃபி தன் ஆட்களைக் காட்டுக்குள் பின்வாங்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் முன்னால் நின்று பீரங்கிப் படைக்குத் தொலைபேசியில் இலக்கு சொல்கிறார். பிறகு, எந்த நேரமும் வெடிக்கக்கூடிய, எரிந்துகொண்டிருந்த டாங்கு எதிர்ப்பு வண்டி ஒன்றின் மேல் ஏறி, அதன் இயந்திரத் துப்பாக்கியால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுடுகிறார், காலில் காயம் பட்டும் இறங்கவில்லை. இதெல்லாம் அவருக்குக் கிடைத்த மெடல் ஆஃப் ஹானர் (அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம்) சான்றுரையிலேயே இருக்கிறது, அதை எடுத்துப் படித்துவிடுங்கள். நீங்களாக மசாலா சேர்க்க வேண்டியதே இல்லை.

இதற்கு மூன்று நிமிடம் போதும். பெரும்பாலானவர்கள் இங்கேயே கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள், என் கணக்கில் அது பாதிப் பேச்சுதான்.

மீதி நேரத்தை ஹாலிவுட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார் என்பதோடு நகருங்கள். சொல்ல வேண்டியது அவருடைய தூக்கத்தைப் பற்றி. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் தலையணைக்கடியில் குண்டு போட்ட துப்பாக்கி, கெட்ட கனவுகள், தூக்க மாத்திரைப் பழக்கம், அதை விடுவதற்காக அறையில் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு பட்ட பாடு. வீரன் என்று நாடே கொண்டாடிய ஆள் இதை வெளியே சொன்னதோடு நிற்காமல், கொரியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் திரும்புகிறவர்களின் மனக்காயத்தை அரசு ஆராய வேண்டும், சிகிச்சை தர வேண்டும் என்றும் கேட்டார். அவர் 1971-இல் விமான விபத்தில் இறந்தார். இந்த மனக்காய நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் PTSD என்று தனிப் பெயர் வந்தது 1980-இல்தான். இந்த இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியில் யாராவது ஒருவர், "எத்தனை பேரைக் கொன்றார்?" என்று கட்டாயம் கேட்பார். அன்றைய சண்டையில் ஏறக்குறைய ஐம்பது பேர், கொல்லப்பட்டவர்களும் காயம் பட்டவர்களும் சேர்த்து, என்று சான்றுரையில் உள்ளபடி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.