10,000 நாள் எத்தனை வருடம்? நாள் கணக்கைப் பிழையில்லாமல் மாற்றும் முறை

நாட்களை 365ஆல் வகுத்தால் முப்பது வருடக் கணக்கில் ஒரு கிழமை பிசகிவிடும். அண்ணளவான விடை போதுமென்றால் 365.2425ஆல் வகுங்கள். நாம் பாவிக்கும் கிரெகரி நாட்காட்டியில் 400 வருடத்துக்குச் சரியாக 146,097 நாட்கள். அந்தச் சராசரிதான் இந்த எண். மாதமாக்க 30.44ஆலும் கிழமையாக்க 7ஆலும் வகுக்கலாம். மணித்தியாலத்துக்கு 24ஆலும் நாழிகைக்கு 60ஆலும் பெருக்க வேண்டும்.

10,000 நாளை வகுத்தால் 27.379 வரும். இதை 27 வருடம் 3 மாதம் என்று எழுதுவது பலரும் விடும் பிழை. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 12ஆல் பெருக்கினால்தான் மாதம் வரும்: 0.379 × 12 = 4.55, அதாவது நாலரை மாதம்.

திகதியே தேவையென்றால் வகுக்க வேண்டாம், எண்ணுங்கள். 1990 மார்ச் 15இல் பிறந்தவருக்கு 10,000 நாள் எப்போது நிறையும்? 27 × 365 = 9,855. இடையில் 1992 முதல் 2016 வரை ஏழு நெட்டாண்டுகள் (366 நாள் உள்ள லீப் வருடங்கள்) வருவதால் 9,862. 2017 மார்ச் 15க்குப் பிறகு மீதி 138 நாள். ஜூலை 15 வரை 31+30+31+30 = 122; மிச்சம் 16. விடை 2017 ஜூலை 31. 100ஆல் வகுபடும் வருடம் 400ஆலும் வகுபட்டால் மட்டுமே நெட்டாண்டு என்பதையும் கவனியுங்கள்: 2000 நெட்டாண்டு, 1900 அல்ல.

இலங்கைத் தேசிய அடையாள அட்டை இலக்கத்திலும் நாள் கணக்கு இருக்கிறது. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 12 இலக்க அட்டையில் வருடம் நான்கு எண்களில் வரும். பெண்களுக்கு நாளுடன் 500 கூட்டப்படும். எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே இங்கு எண்ணுவார்கள். அதனால் மேலே சொன்னவரின் நாள் 31+29+15 = 075; பெண்ணானால் 575. சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் 74தான் வரும். அட்டையில் பிழை என்று பதற வேண்டாம்.

பழைய கடிதத்திலோ குறிப்பிலோ "தை 20" என்று இருந்தால் முதலில் விசாரியுங்கள். யாழ்ப்பாணத்தில் ஜனவரியையும் தை என்பார்கள். தமிழ் மாதத் தையானால் அது பெப்ரவரி முதல் வாரம்.

31ஆம் நாள் கிரியைக்கு இறந்த நாளையே முதல் நாளாக எண்ணுவதால் திகதியுடன் 30ஐ மட்டும் கூட்டுங்கள். ஆட்டைத் திவசத்துக்கு இந்தக் கூட்டல் எதுவும் சரிவராது. அது திதிப்படி வருவது. பன்னிரண்டு சந்திர மாதம் ஏறத்தாழ 354 நாள். ஆகவே ஆங்கிலத் திகதிக்குச் சுமார் 11 நாள் முந்தியோ, பதின்மூன்று சந்திர மாதம் சென்றால் 19 நாள் பிந்தியோ வரும். வாக்கிய பஞ்சாங்கத்திலும் திருக்கணித பஞ்சாங்கத்திலும் திதி முடியும் நேரம் வேறுபடும் என்பதால், வீட்டில் எதைப் பார்ப்பதென்று முடிவுசெய்த பின்பே ஐயருக்கு நாள் சொல்லுங்கள்.