அடங்கிய மீன் செத்த மீனா? தூண்டிலுக்குப் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை பிறந்து கடல் படிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் போட்டில் யாராவது இரண்டு பேர் புதிதாக ஏறுவார்கள். மருமகனின் கூட்டாளிகள், வங்கியில் வேலை செய்கிற பெடியன்கள், லீவில் ஊருக்கு வந்தவர்கள். மீனை இழுக்கும் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போகும். மீன் போட்டுக்குள் வந்து விழுந்த பிறகுதான் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். ஒருவர் படம் எடுக்க போனைத் தேடுவார், மற்றவர் அடுத்த இரையைக் கோர்க்கத் தொடங்குவார். அந்த மீன் பலகையில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. 2009க்குப் பிறகு கடல் தடைகள் ஒவ்வொன்றாக நீங்கி, நான் திருகோணமலைக் கடலில் முதன்முதலாகத் தூண்டில் போட்ட நாட்களில் இதையேதான் செய்தேன். கத்தி கொண்டுவர வேண்டும், ஐஸ் போதிய அளவு வேண்டும் என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. பிடித்த உயிரை முடிப்பது பற்றித்தான் யாரும் வாய் திறந்து சொல்லிக் கொடுப்பதில்லை.

தானாகச் சாகட்டும் என்று விடுவது

மீன் காற்றில் கிடந்தால் அதன் செவுள் இதழ்கள், நாங்கள் பூ என்று சொல்வது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்கு மூச்சு முட்டுகிறது. நொடியில் முடிகிற சாவல்ல அது, பல நிமிடங்கள் எடுக்கும். கலவாய் போன்ற மீன் இன்னும் நீண்ட நேரம் கிடக்கும்.

வேதனை ஒரு பக்கம். துடிக்கத் துடிக்க மீன் தன் தசையிலுள்ள சக்தியை எல்லாம் செலவழித்துவிடுவதால் சீக்கிரம் விறைத்து, சீக்கிரம் தளர்ந்தும் போகும். கெலவல்லா (மஞ்சள் செட்டைச் சூரை), மற்றச் சூரைகள் என்றால் இன்னும் மோசம். இவற்றின் உடற்சூடு கடல் நீரின் சூட்டைவிடக் கூடியது. போராடும்போது அந்தச் சூடு மேலும் ஏறும், தசையில் அமிலம் சேரும். வெட்டிப் பார்த்தால் கண்ணாடிச் சிவப்பாக இருக்க வேண்டிய சதை வெந்ததுபோல் வெளிறி இருக்கும். கரையில் மீன் விற்கிற வாடியில் யாவாரி விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு விலையைக் குறைப்பது அதனால்தான்.

எங்கே அடித்தாலும் அடிதானே என்பது

மூக்கில் அடிக்கிறார்கள், இரண்டு கண்ணுக்கும் நடுவே அடிக்கிறார்கள். மூளை அங்கே இல்லை. பெரும்பாலான மீன்களில் அது கண்ணுக்குப் பின்னால், சற்று மேலே இருக்கிறது. கண்ணிலிருந்து செவுள் மூடியின் மேல் முனைக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டையொட்டித் தேட வேண்டும். நாலைந்து கிலோ பாரைக்குக்கூட மூளை ஒரு நிலக்கடலைப் பருப்பு அளவுதான் வரும். பொல்லால் அடிப்பதென்றால் தலையின் மேற்புறம், கண்களுக்குச் சற்றுப் பின்னால், கனமான பொல்லால், தயங்காமல் ஒரே அடி. கூரான கம்பியால் குத்துவதென்றால் அந்தக் கோட்டில், மறுபக்கத்துக் கண்ணை நோக்காமல் தலையின் நடுவை நோக்கி. கெலவல்லாவுக்கு உச்சந்தலையில் வெளிறிய ஒரு புள்ளி தெரியும். அங்கே எலும்பு மெல்லியது, கம்பி இலேசாக இறங்கும்.

இதைப் பழக உயிர் மீன் தேவையில்லை. அடுத்த முறை வீட்டில் தலைக்கறி வைக்கும்போது, சட்டியில் போடுவதற்கு முன் தலையை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வெள்ளையாக, சின்னதாக ஒரு குழிக்குள் இருக்கும். நாலைந்து வகை மீனில் பார்த்துவிட்டால் கை தானாகவே இடத்துக்குப் போகும்.

அசைவு நின்றதும் செத்துவிட்டது என்று நினைப்பது

இதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

கொட்டியாரக்குடாவின் வாயில், ஃபவுல் முனை வெளிச்சவீட்டுக்கு வெளியே, நானும் சித்தப்பாவின் மகனும் போயிருந்தோம். அங்கே குடாவுக்குள்ளேயே தொடங்கும் கடலடிப் பள்ளம் ஆழ்கடல் வரை இறங்கிப் போகிறது. அதனால் கரையை விட்டு அதிகம் விலகாமலே பெரிய மீன் கிடைக்கும். காலை ஏழு மணிபோல இழுவைத் தூண்டிலில் ஒரு கெலவல்லா ஏறியது. இருபது கிலோ இருக்கும். தங்கூசி, அதாவது நைலான் தூண்டில் நூல், இரண்டு பேரின் உள்ளங்கையையும் அறுத்துவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து அது போட்டின் பக்கத்தில் வந்தபோது நான் அவசரப்பட்டு, எட்டிய இடத்தில் கொக்கித்தடியைப் போட்டேன். வயிற்றில். இழுத்து உள்ளே போட்டு, பொல்லால் தலையில் ஒரு அடி அடித்தேன். மீன் ஒரு நடுக்கம் நடுங்கி அடங்கிவிட்டது.

நாங்களும் அடங்கியது என்றால் முடிந்தது என்றே எடுத்துக்கொண்டோம். தூண்டிலைக்கூட வாயிலிருந்து கழற்றவில்லை. றெஜிபோம் பெட்டியில் ஐஸுக்குள் தலையை அமுக்கி வைத்துவிட்டு அடுத்த தூண்டிலை விட்டோம். இருபது நிமிடம் கழிந்திருக்கும். பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம். மூடியைத் தூக்கினேன். ரத்தம் கலந்த ஐஸ் தண்ணீருக்குள் செவுள் மூடி மெதுவாகத் திறந்து மூடியது. திறந்து மூடியது. போட் அலையில் சரிய, அந்தக் கண்ணும் சரிவுக்கு எதிராகத் திரும்பியது. அதைப் பார்த்தபடியே ஒரு கணம் நின்றுவிட்டேன்.

அதற்குள் அது வாலை வீசிவிட்டது. பெட்டி பிளந்தது. தம்பி குனிந்து அமுக்கப் போனான். வாயிலிருந்த இரட்டைத் தூண்டில் அவன் பெருவிரலின் அடியில் ஏறிவிட்டது. இருபது கிலோ மீன் ஒரு பக்கம் இழுக்க, அவன் கை மறு பக்கம். நான் தங்கூசியை அறுத்ததும் மீன் விளிம்புக்கு மேலால் போய் விழுந்தது, வயிற்றில் ஓட்டையோடு. நீலத் தண்ணீரில் ஒரு சிவப்பு நூல் கீழே கீழே போய் மறைந்தது. நாங்கள் என்ஜினைத் திருப்பி நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவன் கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

மீனின் விலை போனது, பெட்டி போனது, அதெல்லாம் சரி. அந்த மீன் இருபது நிமிடம் ஐஸுக்குள் உணர்வோடு கிடந்திருக்கிறது என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அடி அதை மயக்கியது, கொல்லவில்லை. மயங்கிய மீன் தெளியும். ஐஸ் அதன் அசைவை அடக்கும், உணர்வையும் அதோடு எடுத்துவிடும் என்று நம்பக்கூடாது. செவுளுக்குள் தண்ணீர் ஓடினால் மயக்கம் தெளியவும் அதுவே உதவும்.

அடுத்த நாள் வாடியில் நடந்ததைச் சொன்னபோது, திருக்கடலூரைச் சேர்ந்த, சொந்தமாகப் போட்டும் வலையும் வைத்திருக்கிற வயதான சம்மாட்டி ஒருவர் கேட்டது ஒரே கேள்வி. “தம்பி, அதின்ர கண்ணைப் பாத்தனியோ?”

நான் முழித்தேன். அவர் வலையிலிருந்து அப்போதுதான் எடுத்த ஒரு பாரையை இரண்டு கையிலும் ஏந்தி இடப்பக்கம் சரித்தார். தலை சரிந்தது, ஆனால் கண் சரியவில்லை. கடல் மட்டத்தைப் பார்ப்பதுபோல் தன் நிலையிலேயே நின்றது. வலப்பக்கம் சரித்தார், அப்போதும் அப்படியே. பிறகு இடுப்பிலிருந்த கூர்க்கம்பியால் கண்ணுக்குப் பின்னால் ஒரு குத்து. வாய் அகலத் திறந்தது, செட்டைகள் எல்லாம் விரிந்தன, உடம்பு முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடி அடங்கியது. மறுபடி சரித்துக் காட்டினார். இப்போது கண், சட்டையில் தைத்த பொத்தானைப்போல் தலையோடு சேர்ந்து சரிந்தது.

“இப்பதான் இது செத்தது,” என்றார்.

உயிருள்ள மீனின் மூளை, உடல் சரியும்போதெல்லாம் கண்ணை நிலையாக வைத்திருக்கப் பார்க்கும். மூளை வேலை செய்யாவிட்டால் அது நடக்காது. மீன் பண்ணைகளிலும் மீன் உணர்விழந்துவிட்டதா என்று பார்க்க இதே சோதனையைச் செய்கிறார்கள். கண்ணோடு சேர்த்து இன்னும் இரண்டைப் பாருங்கள். செவுள் மூடி ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா? வாலை இறுகக் கிள்ளினால் இழுத்துக்கொள்ளப் பார்க்கிறதா? கண் தலையோடு சரியாமல் நின்றாலோ செவுள் அசைந்தாலோ உடனே இன்னொரு முறை, சரியான இடத்தில்.

இதன் மறுபக்கமும் உண்டு. மூளை போன பிறகும் தசை சிறிது நேரம் துடிக்கும். அந்தத் துடிப்பைக் கண்டு பயந்து தலை நசுங்கும்வரை பத்து அடி அடிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கண் தலையோடு சரிந்து செவுளும் நின்றுவிட்டால், துடிப்பது வெறும் தசைதான். ஜப்பானிய மீனவர்கள் இகே ஜிமே என்ற முறையில், மூளையில் குத்திய பிறகு முதுகெலும்பின் மேலாக ஓடும் நரம்புக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு அந்தத் துடிப்பையும் நிறுத்துகிறார்கள். பெரிய கெலவல்லாவுக்கு நான் தடித்த தங்கூசியை அப்படி விடுவதுண்டு. சிறிய மீனுக்கு அது தேவைப்படுவதில்லை.

போன மாதம் வந்த வங்கிப் பெடியன் ஒரு சீலாவை அடித்துவிட்டு, “அண்ணை, முடிஞ்சுது” என்று பெட்டியைத் திறந்தான். கண்ணைப் பார் என்றேன். பார்த்தான். ஒன்றும் பேசாமல் மூடியை மூடிவிட்டுக் கம்பியை எடுத்தான்.

செவுளை வெட்டினால் போதும் என்பது

போதாது. ரத்தம் வடிந்து முடியப் பல நிமிடம் ஆகும். அதுவரை மீனுக்குத் தெரியும். முதலில் மூளை, பிறகுதான் கத்தி. மூளை போன பிறகும் இதயம் சில நிமிடம் அடித்துக்கொண்டிருக்கும், அது ரத்தத்தைத் தானே வெளியே தள்ளிவிடும். பூவின் அடியில் ஒரு வெட்டு. கெலவல்லாவுக்குப் பக்கச் செட்டையின் அடியிலிருந்து மூன்று விரல் பின்னால் இன்னுமொரு வெட்டு, இரண்டு பக்கமும்.

கிண்ணியாவில் எனக்கொரு கூட்டாளி இருக்கிறான். மீனை அறுக்க வேண்டுமென்று மார்க்கத்தில் கட்டாயமில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் உயிரை எடுக்கும் கத்தி கூராக இருக்க வேண்டும், வேதனையை நீட்டக்கூடாது என்ற நபிமொழியை அவன் மீனுக்கும் சேர்த்தே வைத்திருக்கிறான். அவனுடைய போட்டில் மொட்டைக் கத்தியை நான் கண்டதே இல்லை.

ரத்தம் வடிந்ததும் ஐஸ். வெறும் ஐஸ் கட்டியைவிட, இரண்டு பங்கு ஐஸோடு ஒரு பங்கு கடல் தண்ணீர் கலந்தால் மீன் சீக்கிரம் குளிரும். சூரை இனங்களை வெயிலில் போட்டு வைத்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தலையிடிக்கும். மீன் ஒத்துவரவில்லை என்று பழியை உடம்பின்மேல் போட்டுவிடுவார்கள்.

ரத்தம் கொட்டும் மீனைத் திரும்ப விடுவது

சின்ன மீன், பாவம் என்று விடுகிறார்கள். தொண்டையில் தூண்டில் ஏறி, பூவிலிருந்து ரத்தம் கொட்டினால் அது பெரும்பாலும் பிழைக்காது. கொன்று, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுங்கள். ரத்தமில்லாமல் தூண்டிலை விழுங்கியிருந்தால், பிடுங்காமல் தங்கூசியை வாயோரம் அறுத்து, ஈரக் கையால் பிடித்து விடுங்கள்.

ஓராவை வெறுங்கையால் அமுக்குவது

ஓரா மீனின் முள்ளில் விஷம். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் தண்ணீரில் கையை வையுங்கள்.

டைனமைட் போட்டு மீன் பிடிப்பது

இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தில் குற்றம். மேலே மிதக்கிற மீனைவிடக் காயத்தோடு கீழே போகிற மீனே அதிகம். போடுகிறவனோடு கடலுக்குப் போகாதீர்கள்.

கொக்கித்தடியை எட்டிய இடத்தில் போடுவது

நான் அன்று செய்தது. வயிற்றில் போட்டால் கிழியும், மீன் நழுவும், குடல் உடைந்து சதையும் கெடும். தலையில் போடுங்கள், இல்லாவிட்டால் செவுளுக்குப் பின்னால் தோளில். இடம் கிடைக்காவிட்டால் மீனை இன்னொரு சுற்றுச் சுற்ற விடுங்கள். மீன் பக்கத்தில் வருவதற்கு முன்பே பொல்லும் கம்பியும் காலடியில் இருக்க வேண்டும். ஏறிய பிறகு பலகைக்குக் கீழே தேடுகிற நேரமெல்லாம் மீனின் நேரம்.

காயத்தோடு நழுவிவிட்டால் என்ஜினை நிறுத்துங்கள். தூண்டிலை எல்லாம் ஏற்றிவிட்டு, நீரோட்டம் போகும் பக்கம் பார்த்துக்கொண்டு இருங்கள். காயப்பட்ட மீன் சில வேளை கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் சரிந்தபடி மேலே வரும். கடற்பறவைகள் எங்கே இறங்குகின்றன என்றும் பாருங்கள். வந்தால் மெதுவாக அணைத்து, தலையில் கொக்கி போட்டு, உடனே முடியுங்கள். நான் கால் மணி நேரம் நிற்பேன். கூட வந்தவர்கள் அலுத்துக்கொண்டாலும் நிற்பேன்.

இரண்டு முறை அப்படி நின்றதில் மீன் மேலே வந்திருக்கிறது. ஒன்று அறக்குளா, மற்றது ஒரு பெரிய பாரை.