வாடைக்காலத்தில் சிறு பாய்ப்படகுப் போட்டி நடத்துவது எப்படி: சிலியாவ் வட்டாரக் குடும்பங்களுக்கு

குளிர்நாடுகளில் பாய்ப்படகுப் பிரியர்கள் பனிக்காலத்திலும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவின் லாங் ஐலந்தில் உள்ள மன்ஹாசெட் குடாவில் 1932 ஜனவரித் தொடக்கத்தில், உறையும் குளிரில் சிறு படகுகளைப் போட்டிக்கு இறக்கினார்கள். அந்த வழக்கம் இன்றுவரை பல ஊர்களில் தொடர்கிறது. நமக்குப் பனி கிடையாது. ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, அதாவது நம் முன்னோர் வாடை என்று சொன்ன காற்று, இருக்கிறது. மலேசியாவின் நெகிரி செம்பிலானில் சிலியாவ், ரந்தாவ், லுக்குட் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் போர்ட்டிக்சன் கடலில் பிள்ளைகளுக்குப் படகு பழக்க அந்த மாதங்கள்தாம் வாய்ப்பானவை என்பது என் கணிப்பு.

அதற்குக் காரணம் கரையின் அமைப்பு. இதே காற்று கிழக்குக் கரையில் பேரலையை எழுப்பி, படகுகளை மாதக்கணக்கில் முடக்கிவிடும். நம் பக்கத்துக்கு வரும் முன் தித்திவாங்சா மலைத்தொடர் அதன் வேகத்தைத் தணித்துவிடுகிறது. நம் கரை தென்மேற்கைப் பார்த்து இருப்பதால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. ஆகவே கரையோரத் தண்ணீரில் அலை அதிகம் எழுவதில்லை. கிள்ளான் துறைமுகத்திலிருந்து லங்காவி வரை பெரிய படகுகள் ஓடும் ராஜா மூடா சிலாங்கூர் போட்டி 1990 முதல் நவம்பரில் நடத்தப்படுவதும் இந்தக் காற்றை நம்பித்தான்.

ஆபத்தும் இதே காற்றில்தான் இருக்கிறது. அலை இல்லை என்பதால் கரையில் நிற்கும் பெற்றோருக்குக் கடல் சாதுவாகத் தெரியும். ஆனால் கவிழ்ந்த படகையும் களைத்த பிள்ளையையும் அது சத்தமில்லாமல் வெளிக்கடலுக்குக் கொண்டுபோகும். மணிக்கு ஒரு கடல்மைல் வேகத்தில் அடித்துச் செல்லப்பட்டாலே அரை மணி நேரத்தில் 900 மீட்டருக்கு மேல் போய்விடலாம். எனவே இயந்திரப் படகு ஒன்றாவது தண்ணீரில், ஓட்டுநருடன், காற்று போகும் பக்கத்தில் நிற்காதவரை ஒரு படகையும் இறக்காதீர்கள். அதை ஓட்டுபவர் இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றைத் தம் உடலில் மாட்டியிருக்க வேண்டும். தண்ணீரில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கும்போது இயந்திரம் அணைந்திருக்க வேண்டும்.

நேரத்தைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நிலக்காற்றும் வாடையும் ஒரே திசையில் சேர்ந்து வீசுவதால் எட்டரை முதல் பதினொரு மணி வரை பெரும்பாலும் ஓட்டத்துக்குப் போதுமான காற்று கிடைக்கும். வெயில் ஏறியதும் கடற்காற்று எதிர்த்து வர, இரண்டும் முட்டிக்கொண்டு காற்று செத்துப்போகும். பிற்பகலில் இடிமழை வேறு வரும். முந்தின இரவு வானிலைத் துறையின் மைச்சுவாச்சா செயலியைப் பாருங்கள். ஓதம் ஏறி இறங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் உடனே கரையேற வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் கழியும் வரை திரும்ப இறங்கக் கூடாது. அலுமினியப் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை.

படகுக்கு வருவோம். 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட் போதும். 1947இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்த இந்தப் படகின் நீளம் 2.3 மீட்டர், உடலின் எடை 35 கிலோ. இரண்டு பெரியவர்கள் எளிதில் தூக்கிவிடலாம். வளர்ந்தவர்களுக்கு, முன்பு லேசர் என்று அறியப்பட்ட 4.2 மீட்டர் படகு. புதிதாக வாங்க முனையாதீர்கள். 1927இல் தொடங்கிய போர்ட்டிக்சன் அரச படகுக் கழகத்தைப் போன்ற இடங்களில் பயிற்சிக்கும் வாடகைக்கும் என்ன ஏற்பாடு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். நான்கு படகு கிடைத்தால் பன்னிரண்டு பிள்ளைகளைக் கொண்டு போட்டி நடத்தலாம். இரண்டு ஓட்டத்துக்கு ஒருமுறை கரையில் ஆள் மாற வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாள் போட்டி வேண்டாம். அன்று முழுவதும் கவிழ்த்துப் பழகட்டும். இடுப்பளவு தண்ணீரில் படகைச் சாய்த்து, அதை விட்டு நீந்திப் போகாமல் பிடித்துக்கொண்டு, படகின் முன்முனையான அணியத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையின் நுனியில் உடல் எடையைப் போட்டு நிமிர்த்தி, உள்ளே ஏறி, வாளியால் நீரை இறைக்கும் வரை ஒவ்வொரு பிள்ளையும் தனியாகச் செய்து காட்ட வேண்டும். வாளியைப் படகோடு கயிற்றில் கட்டி வையுங்கள். கட்டாத வாளி முதல் கவிழ்ச்சியிலேயே போய்விடும்.

ஓடுபாதையில் ஒரு வசதி உண்டு. காற்று கரையிலிருந்து வருவதால், படகுகள் காற்றை எதிர்த்து ஏறி வந்து சுற்றித் திரும்பும் காற்றெதிர் மிதவை கரைப்பக்கமும் தொடக்கக் கோடு கடல்பக்கமும் அமைகின்றன. அதாவது பிள்ளைகள் கரையை நோக்கி ஏறி வருகிறார்கள், பெற்றோர் கண்முன்னே திரும்புகிறார்கள். மிதவையைக் கரைக்கு மிக அருகே போட்டால் மரங்களும் ஹோட்டல் கட்டடங்களும் காற்றைத் துண்டுதுண்டாக்கிவிடும். 150 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். தொடக்கக் கோடு காற்றுக்குக் குறுக்கே, எல்லாப் படகுகளின் நீளத்தையும் கூட்டி ஒன்றரையால் பெருக்கிய அளவில் இருந்தால் நெரிசல் இராது. பத்து ஆப்டிமிஸ்டுக்கு ஏறத்தாழ 35 மீட்டர். நீண்ட ஓட்டம் ஒன்றைவிட இருபது நிமிட ஓட்டம் மூன்று நல்லது, ஏனெனில் முதல் ஓட்டத்தில் கடைசியாக வந்த பிள்ளைக்கு அன்றே இன்னும் இரண்டு வாய்ப்பு மிச்சமிருக்கும்.

தொடக்கம் பெரும்பாலான இடங்களில் ஒரே முறைதான்: ஐந்து நிமிடம் முன் படகுப் பிரிவின் கொடி ஏறும், நான்கு நிமிடம் முன் நீல நிறத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் கொண்ட கொடி ஏறும், ஒரு நிமிடம் இருக்கையில் நீலக்கொடி இறங்கும், பூச்சியத்தில் பிரிவுக் கொடி இறங்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊதல். கொடிகளை வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே தைத்துவிடலாம். விதிகளில் மூன்றை மட்டும் முதலில் சொல்லிக்கொடுங்கள்: வலப்பக்கம் காற்று வாங்கி வருபவருக்கு இடப்பக்கம் வாங்குபவர் வழிவிட வேண்டும், ஒரே பக்கம் வாங்கி அருகருகே போனால் காற்று வரும் பக்கம் இருப்பவர் காற்று போகும் பக்கம் இருப்பவருக்கு வழிவிட வேண்டும், பின்னால் வருபவர் முன்னவரை இடிக்கக் கூடாது. தவறு செய்தவர் படகை இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டுத் தொடரலாம்.

ஆனால் போட்டி நாளில் நான் முதலில் தேடும் பொருள் கொடியல்ல, ஒரு பலகை. தோட்டத்தில் காலைப் பெரட்டு நடந்ததை நம் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். ஆள் எண்ணாமல் யாரும் காட்டுக்குள் போனதில்லை. அதையே கடற்கரைக்குக் கொண்டுவர வேண்டும். மூன்றடிப் பலகையில் இரண்டு வரிசை ஆணி அடித்து, மேல்வரிசைக்குக் கரை என்றும் கீழ்வரிசைக்குக் கடல் என்றும் எழுதி, ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் எழுதிய தகட்டு வில்லை ஒன்று கொடுங்கள். படகு இறங்கும்போது பிள்ளை தன் கையாலேயே வில்லையைக் கீழே மாட்ட வேண்டும். திரும்பி வந்ததும் தன் கையாலேயே மேலே மாட்ட வேண்டும். நண்பனோ அம்மாவோ மாட்டக் கூடாது.

ஓர் ஆண்டு நான் பொறுப்பில் இருந்தபோது, போட்டி முடிந்ததென்று எல்லாரையும் பசியாற அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஏழாம் எண் வில்லை இன்னும் கடல் வரிசையில் ஆடிக்கொண்டிருந்தது. இயந்திரப் படகு விரைந்தது. பையன் அரைக் கிலோமீட்டர் தள்ளி வேறொரு மணலில் படகை ஏற்றிவிட்டு, கடைக்காரர் ஒருவர் வாங்கிக் கொடுத்த ஐஸ் காச்சாங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிழை அவனுடையதல்ல; பலகையைப் பார்க்காமல் கூட்டத்தைக் கலைத்தது நான். அதன்பின் கீழ்வரிசை காலியாகும் வரை சோற்றுப்பானையைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

கணக்கு எளிது. முதலாவதாக வந்தவருக்கு 1 புள்ளி, இரண்டாவதுக்கு 2. முடிக்காதவருக்குப் பங்கேற்றவர் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிய புள்ளி. குறைந்த மொத்தம் வெல்லும். ஆறு ஓட்டத்துக்கு ஒன்று என, ஆக மோசமானதைத் தள்ளிவிடலாம். வேறுவேறு வகைப் படகுகள் ஒன்றாக ஓடினால், எடுத்துக்கொண்ட நேரத்தை 1000ஆல் பெருக்கி அந்தப் படகு வகையின் போர்ட்ஸ்மத் எண்ணால், அதாவது படகு வகைகளின் வேக வேறுபாட்டைச் சரிக்கட்டத் தரப்படும் எண்ணால், வகுக்க வேண்டும். எண் 1100 உள்ள படகு 44 நிமிடத்திலும், 1640 உள்ள படகு 65 நிமிடம் 36 நொடியிலும் முடித்தால் இரண்டுக்கும் கிடைப்பது 40 நிமிடமே. ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி யாராவது இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுங்கள். அந்தக் கையெழுத்தோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை. கரைப்பணி பார்ப்பதற்காக ஓட்டத்தை விட்டுக்கொடுத்தவருக்கு அவருடைய சராசரிப் புள்ளியைக் கொடுக்க மறவாதீர்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் கடிகாரம் பிடிக்க ஆள் வராது.

தேதி குறிப்பதுதான் உண்மையில் கடினமான வேலை. தீபாவளி முடிந்து கார்த்திகையில் பலர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள்; பிறகு கிறிஸ்துமஸ், பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு என வரிசையாக வரும்; நோன்பு மாதம் ஆண்டுக்கு ஆண்டு முன்னே நகரும். ஆகவே எல்லா ஞாயிறையும் பிடிக்காமல், ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் ஆறு நாள் மட்டும் குறித்து, அக்டோபரிலேயே கோவில் நிர்வாகத்திடமும் தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கத்திடமும் காட்டிவிடுங்கள். உணவு சைவமாகவே இருந்தால் மாலை போட்டவர்களும் தயங்காமல் உட்காருவார்கள். வாழையிலையில் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் போதும்.

கடல்நீர் வெதுவெதுப்பாக இருந்தாலும், மழையில் நனைந்து காற்றில் அரை மணி நேரம் உட்கார்ந்த ஒல்லிப் பிள்ளைக்கு உதடு நடுங்கும். பருத்திச் சட்டை ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் நீச்சல் துணியாலான நீளக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள். கரையில் உலர்ந்த துண்டும் சூடான மைலோவும் தயாராக இருக்கட்டும்.

கடைசி வேலை கழுவுவது. படகு, சுக்கான், கப்பி, கயிறு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, பாயை நிழலில் உலர்த்திச் சுருட்டி, படகைக் குப்புறக் கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் அடுத்த முறை வரும்போது மழைத்தண்ணீரில் கொசுப்புழு நெளியும். இதைக் கோத்தோங் ரோயோங்காக எல்லாரும் சேர்ந்து செய்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். வில்லைகளை எண்ணிப் பெட்டியில் போட்டுப் பூட்டியபின் வண்டியை எடுங்கள்.