இங்கிலாந்து வீட்டுத் தோட்டத்தில் பீச் பழ மரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் பீச் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் குளிருக்குத்தான் பயப்படுகிறார்கள். இலை உதிர்த்து உறங்கும் பீச் மரத்துக்கோ குளிர் வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் கிடைத்தால்தான் வசந்தத்தில் மொட்டுகள் ஒழுங்காக விரியும். ஆகவே தொட்டி மரத்தைக் குளிர்காலத்தில் சூடேற்றிய கண்ணாடி அறைக்குள் வைக்காதீர்கள். குளிர்ந்த, மழை படாத கொட்டகையே அதற்கு ஏற்ற இடம்.

உண்மையான பகை மழை. இலைச்சுருள் நோயைக் கொண்டுவரும் டாஃப்ரினா டிஃபார்மன்ஸ் பூஞ்சையின் வித்துகள் பட்டையிலும் மொட்டுச் செதில்களிலும் ஒளிந்திருக்கும். மொட்டு உப்பத் தொடங்கும்போது மழைநீரோடு உள்ளே போகும். ஏப்ரல், மே மாதங்களில் இலை சிவந்து, தடித்து, சுருண்ட பிறகு மருந்து தேடுவது வீண். அதற்கு வெகு முன்பே தொற்று முடிந்துவிட்டிருக்கும். முன்பு அடித்துவந்த செம்பு மருந்துகளுக்கு இப்போது பிரிட்டன் வீட்டுத் தோட்டங்களில் அனுமதி இல்லை. எனவே மரம் நனையாமல் பார்ப்பதுதான் வழி: சுவரிலிருந்து சாய்வாகப் பாலித்தீன் கூரை கட்டி, டிசம்பர் இறுதி முதல் மே நடுப்பகுதி வரை விட்டுவையுங்கள். கீழேயும் இரு பக்கமும் திறந்திருக்கட்டும். இறுக மூடினால் காற்றோட்டம் இல்லை, தேனீயும் வராது. பூ வாடியதும் கூரையைக் கழற்றிவிடுவது பலர் செய்யும் பிழை. இளந்தளிருக்கும் ஈரம் ஆபத்துதான். நோய் வந்துவிட்டால், இலைமேல் வெள்ளைப் பூச்சு படருமுன் கிள்ளி அகற்றி, நீரும் உரமும் கொடுங்கள். அடுத்துத் துளிர்க்கும் இலைகள் பெரும்பாலும் நலமாகவே வரும். 'அவலான் பிரைடு' ரகம் இந்நோயை ஓரளவு தாங்கும்.

பீச் மார்ச்சிலேயே பூக்கும். சில இடங்களில் பிப்ரவரி கடைசியிலேயே. விரிந்த பூ சுமார் மைனஸ் 3 டிகிரியில் கருகத் தொடங்கும். உறைபனி எச்சரிக்கை உள்ள இரவுகளில் தோட்டத் துணியைத் தொங்கவிட்டு, காலையில் எடுத்துவிடுங்கள். ஒரே மரம் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்றாலும், அந்தக் குளிரில் தேனீ குறைவு. வெயில் காயும் நண்பகலில் மென்மையான தூரிகையால் பூவுக்குப் பூ தொட்டுவிடுங்கள். பூக்கும் காலம் முழுக்க, முடிந்தால் தினமும்.

திறந்தவெளியில் நடுவதைவிடத் தெற்கு நோக்கிய சுவரில் கம்பி கட்டி, அதில் விசிறிபோலப் படர்த்துவது நல்லது. கூரை கட்டவும் அதுதான் வசதி. சுவரிலிருந்து 20 செ.மீ. தள்ளி, லேசாகச் சுவர் பக்கம் சாய்த்து நடுங்கள். ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். சுவரடியில் மழை சரியாக விழாது. காய் பெருக்கும்போது நீர் போதாவிட்டால் பிஞ்சு உதிரும், எனவே நீங்களே ஊற்றுங்கள்.

பிஞ்சைக் கிள்ள மனம் வராமல் அத்தனையையும் விட்டுவிட்டால், கொட்டையும் தோலுமாகச் சிறுத்த பழங்கள்தான் மிஞ்சும், கிளையும் முறியும். சுண்டைக்காய் அளவில் 10 செ.மீ.க்கு ஒன்றாகவும், சின்ன எலுமிச்சை அளவில் 20 செ.மீ.க்கு ஒன்றாகவும் குறையுங்கள்.

கவாத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஆப்பிள் மரத்தைப்போலக் குளிர்காலத்தில் வெட்டினால் அந்தக் காயம் வழியாக வெள்ளியிலை நோயும் (இலையை வெள்ளிபோல மாற்றும் பூஞ்சை நோய்) பாக்டீரியாப் புற்றும் (பட்டையை அழுகச் செய்யும் நோய்) நுழையும். பீச் போன ஆண்டு வளர்ந்த கிளையில்தான் காய்க்கும். காய்த்த கிளை அதே இடத்தில் மறுபடி காய்க்காது. ஆகவே வசந்தத்தில் ஒவ்வொரு காய்க்கும் கிளையின் அடியிலும் ஒரு புதுத் தளிரை மாற்றுக் கிளையாக வளரவிடுங்கள். கோடையில் பழம் பறித்த கையோடு பழைய கிளையை அந்தத் தளிர் வரை வெட்டிவிட்டு, தளிரை அதே கம்பியில் கட்டிவிடுங்கள். இதை இரண்டு மூன்று ஆண்டு விட்டுவிட்டால் அடிப்பகுதி மொட்டையாகி, காய் எல்லாம் சுவர் உச்சிக்கு ஏறிவிடும்.