வினைவேக விதி: அடுக்கு எண்ணைச் சமன்பாட்டில் தேடாதீர்கள்

பன்னிரண்டாம் வகுப்பில் இந்தப் பாடம் வந்தபோது நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். சமன்பாட்டில் ஒரு பொருளுக்கு முன்னால் 2 இருந்தால் வேக விதியில் (செறிவுகளைப் பொறுத்து வேகம் எவ்வளவு என்று சொல்லும் சூத்திரம்) அதன் தலையில் அடுக்காக 2 போட வேண்டும், 3 இருந்தால் 3. இரண்டு கணக்குக்கு விடை சரியாக வந்தது, மூன்றாவதில் இருந்து எல்லாம் தப்பு. ஏன் தப்பு என்று புரிய எனக்கு ஒரு ஸ்டாப் வாட்ச் தேவைப்பட்டது. அதே வழியில் உங்களையும் கூட்டிப்போகிறேன்.

முதலில், வேகம் என்றால் என்ன

ஒரு வினாடியில் ஒரு லிட்டருக்குள் எத்தனை மோல் தீர்ந்துபோகிறது (அல்லது உருவாகிறது), அவ்வளவுதான் வினைவேகம். அலகு மோல்/லிட்டர்/வினாடி. ஆனால் இந்த வேகம் ஒரே மாதிரி இருக்காது. ஆரம்பத்தில் சரக்கு நிறைய இருப்பதால் விறுவிறுவென்று ஓடும், சரக்கு தீரத் தீர பெரும்பாலான வினைகள் மெதுவாகிவிடும். அதனால் ஒப்பிடும்போது தொடக்க வேகத்தைத்தான் எடுப்போம்.

அளந்து பார்க்கலாம்

இதற்குப் பள்ளி ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது: சோடியம் தயோசல்ஃபேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும். தயோசல்ஃபேட் என்றதும் பயப்பட வேண்டாம், பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் 'ஹைப்போ' என்றது இதைத்தான், மீன் தொட்டிக் கடையில் தண்ணீரின் குளோரினை எடுக்க விற்கும் வெள்ளைப் படிகமும் இதுதான். ஆனால் அமிலம் சேர்ந்ததும் சல்ஃபர் டை ஆக்சைடு வாயு வரும், மூக்கை அரிக்கும். அதனால் இதை வீட்டில் செய்யாதீர்கள். ஜன்னல் திறந்த ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் தள்ளியே நில்லுங்கள்.

அரை லிட்டர் தண்ணீரில் சுமார் 20 கிராம் படிகத்தைக் கரையுங்கள். வெள்ளைத்தாளில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் கூம்புக் குடுவையை வையுங்கள். 50 மில்லி கரைசலை ஊற்றி, 1 மோலார் (லிட்டருக்கு 1 மோல்) அமிலம் 5 மில்லி சேர்த்த நொடியில் வாட்சைத் தட்டிவிட்டு ஒரு சுழற்று சுழற்றி, மேலிருந்து குறியையே பாருங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு லேசாக நீலம் கலந்த வெண்மை, அப்புறம் பால் மாதிரி, அப்புறம் மஞ்சள் தட்டி, குறி மறைந்துவிடும். கந்தகத் துகள்கள்தான் மறைக்கின்றன. அங்கே வாட்சை நிறுத்துங்கள்.

அடுத்த சுற்றில் 25 மில்லி கரைசல், கூடவே 25 மில்லி தண்ணீர். தண்ணீர் எதற்கு என்று பாதிப் பேர் கேட்பதே இல்லை. அதை ஊற்றாவிட்டால் மொத்த அளவு குறைந்து அமிலத்தின் செறிவு ஏறிவிடும், போதாததற்குக் குடுவையில் திரவத்தின் ஆழமும் குறைந்து குறி மறையத் தாமதமாகும். இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் மாறினால் எது எதைச் செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

நான் கடைசியாகச் செய்தபோது முதல் சுற்றுக்கு 24 வினாடி, இரண்டாவதற்கு 49 வினாடி வந்தது. குறி மறைய ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே அளவு கந்தகம்தான் வேண்டும் என்பதால் வேகத்துக்குப் பதிலாக 1/நேரம் என்று எடுத்துக்கொள்ளலாம். செறிவு பாதியானது, வேகமும் பாதியானது. அதாவது வேக விதியில் அதன் செறிவின் அடுக்கு 1. அடுக்கைத்தான் வகை என்பார்கள், அப்படியென்றால் தயோசல்ஃபேட்டைப் பொறுத்து இது முதல் வகை வினை. (இலங்கையில் படிப்பவர்களுக்கு இது 'தாக்க வரிசை', வினைவேகம் 'தாக்க வீதம்'. பெயர்தான் வேறு.)

அட்டவணையில் இருந்து விதியை எடுப்பது

தேர்வில் வாட்ச் தர மாட்டார்கள், அட்டவணை தருவார்கள். நைட்ரிக் ஆக்சைடும் ஹைட்ரஜனும் உயர் வெப்பநிலையில் சேர்ந்து நைட்ரஜனும் நீரும் தரும் வினையை எடுப்போம். சமன்பாட்டில் இரண்டுக்கும் முன்னால் 2. கீழே உள்ள எண்கள் கணக்கு சுலபமாக இருக்க நான் போட்டவை, செறிவு மோல்/லிட்டரில், வேகம் மோல்/லிட்டர்/வினாடியில்.

| சோதனை | நைட்ரிக் ஆக்சைடு | ஹைட்ரஜன் | தொடக்க வேகம் |
|---|---|---|---|
| 1 | 0.1 | 0.1 | 0.002 |
| 2 | 0.1 | 0.2 | 0.004 |
| 3 | 0.2 | 0.1 | 0.008 |

ஒன்று மட்டும் மாறியிருக்கும் இரண்டு வரிசைகளைத் தேடுங்கள். முதல் இரண்டில் ஹைட்ரஜன் மட்டும் இரட்டிப்பு, வேகமும் இரட்டிப்பு, அடுக்கு 1. ஒன்றையும் மூன்றையும் பாருங்கள்: நைட்ரிக் ஆக்சைடு இரட்டிப்பு, வேகம் நான்கு மடங்கு. 2-ஐ எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் 4? அடுக்கு 2. ஆக,

வேகம் = கே × [நைட்ரிக் ஆக்சைடு]² × [ஹைட்ரஜன்]

சதுர அடைப்புக்குறி என்றால் அந்தப் பொருளின் செறிவு. அடுக்குகளைக் கூட்டினால் மொத்தம் மூன்றாம் வகை. சமன்பாட்டை நம்பியிருந்தால் நான்கு என்று எழுதியிருப்பீர்கள், நான் அன்று எழுதிய மாதிரி.

கே என்பது வினைவேக மாறிலி. ஏதாவது ஒரு வரிசையைப் போடுங்கள்: 0.002 ÷ (0.01 × 0.1) = 2. அலகை மனப்பாடம் செய்ய வேண்டாம். வேகத்தின் அலகைச் செறிவின் அலகால் மூன்று முறை வகுத்தால் லிட்டர்²/மோல்²/வினாடி என்று தானே வந்து நிற்கும். முதல் வகை வினையில் எல்லாம் அடிபட்டு 1/வினாடி மட்டும் மிஞ்சும்.

அடுக்கு முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அசிட்டால்டிஹைடைச் சூடாக்கிச் சிதைக்கும் வினை 1.5 வகை. செறிவை இரட்டித்தால் வேகம் சுமார் 2.83 மடங்கு. இந்த மாதிரி எண் வந்தால் மடக்கை எடுத்துவிடுங்கள், ஊகித்துக்கொண்டிருக்காதீர்கள்.

சமன்பாடு ஏன் காலை வாருகிறது

எனக்குப் பிடித்த உதாரணம் அசிட்டோனும் அயோடினும். அமிலக் கரைசலில் இவை வினைபுரியும்போது அயோடினை இரட்டித்தாலும் வேகம் அசையாது, அதைப் பொறுத்துப் பூஜ்ஜிய வகை. ஆனால் சமன்பாட்டின் இடப்பக்கத்தில் பெயரே இல்லாத அமிலம், வினையூக்கி, வேக விதியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது: வேகம் = கே × [அசிட்டோன்] × [ஹைட்ரஜன் அயனி].

ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். கைரேகை இயந்திரம் ஆளுக்கு இரண்டு நிமிஷம் எடுக்கிறது, அரிசி அளப்பவர் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டுக் காத்திருக்கிறார். இன்னும் இரண்டு பேரை அளக்க நிறுத்தினால் வரிசை வேகமாக நகருமா? நகராது. அயோடின் அந்த அளப்பவர் மாதிரி. அசிட்டோன் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் மெதுவான படி முடிந்த பிறகுதான் அதற்கு வேலையே வருகிறது. சமன்பாடு கடைக்குள் போன பையையும் வெளியே வந்த அரிசியையும் மட்டும் சொல்லும், உள்ளே எந்தக் கவுன்ட்டரில் நெரிசல் என்று சொல்லாது.

வெப்பநிலை

கே மாறிலிதான், ஆனால் அந்த வெப்பநிலைக்கு மட்டும். 1889-இல் அரீனியஸ் இதற்குச் சமன்பாடு கொடுத்தார், அதைத் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு, பல வினைகளில் 10 டிகிரி ஏறினால் வேகம் இரண்டு மடங்கு போல ஆகும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் தயோசல்ஃபேட் சோதனையை ஒரே அமர்வில் முடிக்கச் சொல்கிறேன். காலையில் மூன்று சுற்று, சாப்பிட்டுவிட்டு வந்து மதிய வெயிலில் மூன்று சுற்று என்று செய்தால், வரைபடத்தில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு வரும், நீங்கள் குடுவையைச் சரியாகக் கழுவவில்லை என்று உங்களையே திட்டிக்கொண்டிருப்பீர்கள்.