நாக்ஸோஸ் தீவுல சின்ன கெஸ்ட் ஹவுஸ்ல தங்குறது எப்படி: ரூம் பிடிக்கிறதுல இருந்து கப்பல் ஏறுற வரைக்கும்

கிரேக்கத் தீவுன்னாலே எல்லாரும் சாண்டோரினியைத்தான் தேடுறாங்க, நான் சொல்லப்போறது அதுக்குப் பக்கத்துல இருக்கிற நாக்ஸோஸ். சைக்ளடீஸ் தீவுகள்லயே பெருசு இதுதான், சுமார் 430 சதுர கிலோமீட்டர், ஒரு பக்கம் நீளமான மணல் கடற்கரை, உள்ள போனா மலையும் கிராமமும், உருளைக்கிழங்கு விவசாயம், மாடு, சீஸுன்னு டூரிஸ்ட் வராட்டியும் சொந்தக் கால்ல நிக்கிற ஊரு. ரெண்டு தடவை போயிருக்கேன், மூணு இடத்துல தங்கியிருக்கேன், மூணுமே குடும்பமா நடத்துற சின்ன இடங்கள். இந்த மாதிரி இடத்துல ரூமை விட அதை நடத்துறவங்கதான் முக்கியம், அவங்களைப் பாத்து இடம் பிடிங்க, போட்டோவைப் பாத்துப் பிடிக்காதீங்க.

இந்த வகை இடத்துக்கு அங்க தோமாத்தியான்னு பேரு, ரூம்கள்னு அர்த்தம். கீழ் வீட்டுல ஓனர் குடும்பம் இருக்கும், மேல நாலஞ்சு ரூம் கட்டி விட்டிருப்பாங்க. ஹோட்டலுக்கு ஸ்டார் குடுக்கிற மாதிரி இதுக்கு சாவி சின்னம் குடுப்பாங்க, வாசல்ல போர்டு மாட்டியிருக்கும். ஸ்டூடியோன்னு போட்டிருந்தா உள்ளயே சின்ன ஃப்ரிட்ஜ், ரெண்டு தட்டு மின்சார அடுப்பு, சிங்க் இருக்கும்னு அர்த்தம். குழந்தைகளோட போறவங்க, தினமும் வெளிய சாப்பிட முடியாதவங்க ஸ்டூடியோவே எடுங்க, அரிசி ஒரு கிலோ கையில இருந்தா ராத்திரி சாப்பாட்டுக் கவலை இல்ல.

எப்ப போறதுன்னு கேட்டா மே கடைசி, ஜூன், இல்லன்னா செப்டம்பர். ஜூலை ஆகஸ்ட்ல மெல்டெமின்னு ஒரு வடக்குக் காத்து நாள் கணக்கா அடிக்கும், கூட்டமும் அப்பத்தான் உச்சத்துல இருக்கும். அதுலயும் ஆகஸ்ட் 15 மாதா பண்டிகை, கிரேக்கர்களே குடும்பம் குடும்பமா ஊருக்குத் திரும்புற சமயம், அந்த வாரத்துக்கு ரூம் வேணும்னா மாசக்கணக்குல முன்னாடியே பிடிச்சு வைக்கணும். செப்டம்பர்ல கோடை முழுக்க வெயில் வாங்கின கடல் நல்லா வெதுவெதுன்னு இருக்கும், ஓனருக்கும் உக்காந்து பேச நேரம் இருக்கும். குளிர்காலத்துல இந்த மாதிரி இடங்கள் நிறைய பூட்டித்தான் கிடக்கும்.

இப்ப எந்த ஏரியாங்கிற விஷயம், இதுலதான் நான் முதல் தடவை அடிபட்டேன். ஹோரான்னு சொல்ற துறைமுக ஊருக்கு மேல காஸ்ட்ரோன்னு ஒரு பழைய கோட்டைப் பகுதி இருக்கு, 1207ல மார்கோ சனுடோங்கிற வெனிஸ்காரர் தீவைப் பிடிச்ச பிறகு கட்டினது, சந்து சந்தா, வளைவு வளைவா பாக்க அவ்வளவு அழகு. துறைமுகத்துல இருந்து 5 நிமிஷ நடைன்னு போட்டிருந்ததை நம்பி அங்க ரூம் போட்டேன். 5 நிமிஷம் சரிதான், ஆனா அத்தனையும் படி, தேஞ்சு வழவழன்னு ஆன கல்லு, அதுல ஒரு இடத்துலயும் சூட்கேஸ் சக்கரம் உருளாது, ரெண்டு பெட்டியையும் மாத்தி மாத்தித் தூக்கிட்டு, ஒரே சந்துக்குள்ள மூணு தடவை சுத்தி, மேல போய்ச் சேர்றப்ப அரை மணி நேரம் ஆயிடுச்சு. அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போறவங்க, முட்டி வலி இருக்கிறவங்க காஸ்ட்ரோவை சாயங்காலம் சுத்திப் பாக்க மட்டும் வெச்சுக்கோங்க. தங்குறதுக்கு அகியோஸ் யோர்யோஸ் கடற்கரைப் பக்கம் பாருங்க, துறைமுகத்துல இருந்து கால் மணி நேர நடை, சமதளம், கடல் ஆழமில்லாம இருக்கும், கடை பேக்கரி எல்லாம் பக்கத்துலயே. வடக்குப் பக்கம் குரோட்டா இருக்கு, அங்க இருந்து போர்ட்டாரா தெரியும், பழைய கோயிலோட பெரிய பளிங்கு வாசல் அது, சூரியன் மறையுறப்ப அந்த வாசல் வழியா வெளிச்சம் வர்றதை பால்கனில இருந்தே பாக்கலாம், ஆனா வடக்குக் காத்து நேரா அங்கதான் மோதும். அகியா அன்னா, பிளாக்கா இதெல்லாம் தூரம் தள்ளி, நாள் பூரா கடல் மட்டும் போதும்னா சரி, பஸ் டைம் பாத்துத்தான் நகரணும்.

புக் பண்றதுக்கு முன்னாடி ஓனருக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்க. எத்தனை படி ஏறணும், ரூம் எத்தனாவது மாடி, துறைமுகத்துக்கு வந்து கூட்டிட்டுப் போவீங்களா, கீழ ஹோட்டல் பார் ஏதும் இருக்கா, இந்த நாலு கேள்வி போதும். பதில் எப்படி வருதுங்கிறதை வெச்சே ஆளைக் கண்டுபிடிச்சிடலாம். ஒழுங்கா நாலு வரி எழுதி, கூடவே எந்தக் கப்பல்ல வர்றீங்கன்னு திருப்பிக் கேட்டாங்கன்னா அந்த இடத்தை விடாதீங்க. பதிலே வரலைன்னாலோ, எல்லாம் போட்டோவுல இருக்குன்னு மட்டும் வந்தாலோ அடுத்த இடம் பாருங்க. இந்தியப் பாஸ்போர்ட்ல போறவங்களுக்கு ஷெங்கன் விசாவுக்குத் தங்குற இடத்தோட ஆதாரம் காட்டணும், அதனால கேன்சல் பண்ணா பணம் திரும்பி வர்ற புக்கிங்கா எடுங்க, பேரு பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே இருக்கட்டும். ஓனர்கிட்ட நேரடியா புக் பண்ணீங்கன்னா தேதி, பேரு, முகவரி எல்லாம் போட்டு ஒரு லெட்டர் கேட்டு வாங்கிக்கோங்க.

ரூம் வாடகை போக இன்னொரு காசு இருக்கு, போய் நின்னதும் அதிர்ச்சி ஆகாதீங்க. பருவநிலை நெருக்கடிக்கான கட்டணம்னு அரசாங்கம் வசூலிக்கிறது, ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு கணக்கு. 2025 நிலவரப்படி ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் இந்த மாதிரி சின்ன ரூம்களுக்கு 2 யூரோ, 5 ஸ்டார் ஹோட்டலுக்கு 15 யூரோ. நிறைய இடத்துல இதைப் போனதும் தனியா வாங்குவாங்க, அது ஏமாத்து இல்ல, ரசீது கேட்டா தருவாங்க. கார்டு பெரும்பாலும் ஓடும், ஆனாலும் கையில கொஞ்சம் ரொக்கம் வெச்சுக்கோங்க.

ஏதென்ஸ் ஏர்போர்ட்ல இருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு மெட்ரோ நேராவே போகுது. அங்க இருந்து பெரிய கப்பல்ல அஞ்சு அஞ்சரை மணி நேரம். கப்பல் ஏறுனதும் கீழ வண்டி நிறுத்துற தளத்துல பெட்டி வைக்க ரேக் இருக்கும், தீவு பேரு எழுதியிருக்கும், நாக்ஸோஸ்னு இருக்கிறதுல வைங்க. பெரும்பாலும் பரோஸ்ல நின்னுட்டுத்தான் நாக்ஸோஸ் வரும், அவசரப்பட்டு அங்கயே இறங்கிடாதீங்க. இறங்குறதுக்குக் கால் மணி முன்னாடியே கீழ போய் பெட்டியோட நின்னுடுங்க, ஏன்னா கப்பல் நிக்கிறது கொஞ்ச நேரந்தான், பின் கதவு இறங்க இறங்கவே லாரி, கார், ஆளுங்க எல்லாம் ஒண்ணா நகர ஆரம்பிச்சிடும். வெளிய வந்ததும் ரூம்ஸ்னு போர்டு பிடிச்சுக்கிட்டு ஆளுங்க நிப்பாங்க, உங்க ஓனரும் அதுல பேரு எழுதின அட்டையோட நிக்கலாம். கப்பல் லேட்டாச்சுன்னா நடுவுலயே ஒரு மெசேஜ் போட்டுடுங்க, பாவம் வெயில்ல நிப்பாங்க.

ரூமுக்குள்ள போனதும் முதல்ல பாத்ரூமைப் பாருங்க. டாய்லெட் பேப்பரை உள்ள போட்டு ஃப்ளஷ் பண்ணக்கூடாது, பக்கத்துல மூடி போட்ட சின்ன கூடை இருக்கும் அதுலதான் போடணும், அங்க கழிவுக் குழாய் குறுகலா இருக்கும், ஒரு தடவை அடைச்சா மொத்த வீட்டுக்கும் தொல்லை. நம்ம ஊரு மாதிரி கழுவுற பைப் எதிர்பாக்காதீங்க, ஒரு பிளாஸ்டிக் மக் பெட்டில போட்டுட்டுப் போங்க. ஷவர் கையில பிடிக்கிற மாதிரி இருக்கும், மாட்டி வைக்க கொக்கி இருக்கும்னு சொல்ல முடியாது.

சுடுதண்ணி மாடியில இருக்கிற சோலார் தொட்டில இருந்து வரும், சாயங்காலம் குளிச்சா நல்லா சூடா இருக்கும், மேகமா இருந்தாலோ எல்லாரும் குளிச்சு முடிச்சிருந்தாலோ பச்சைத்தண்ணிதான். அதுக்கு மின்சார சுவிட்ச் ஒண்ணு உண்டு, சில இடத்துல அது பாத்ரூம்ல இருக்காது, வாசல் கதவுக்குப் பக்கத்துல ஃபியூஸ் பெட்டிக்குள்ள இருக்கும். ரெண்டாவது தடவை தங்கின வீட்டுல ஒரு வயசான அம்மா, இங்கிலீஷ் சுத்தமா கிடையாது, என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் அந்தப் பெட்டியைத் திறந்து, ஒரு சுவிட்சை மேல தள்ளி, எரியுற சிவப்பு லைட்டைத் தொட்டுக் காட்டிட்டு, பத்து விரலையும் ரெண்டு தடவை விரிச்சுக் காட்டினாங்க. இருபது நிமிஷம்னு அர்த்தம். அப்புறம் சுவிட்சைக் கீழ இறக்கி, ஞாபகமா அணைக்கணும்னு கண்ணாலயே சொன்னாங்க. விரலைக் காட்டுறப்ப உள்ளங்கையை அவங்க பக்கமா திருப்பி வெச்சுத்தான் காட்டினாங்க, ஏன்னு பிறகுதான் தெரிஞ்சது, விரிச்ச உள்ளங்கையை எதிராளி முகத்துக்கு நேரா காட்டுறது கிரேக்கத்துல பெரிய அவமரியாதை. அஞ்சுன்னு காட்டுறப்ப நீங்களும் கவனமா இருங்க. இன்னொண்ணு, நேன்னு சொன்னா ஆமாம்னு அர்த்தம், ஓஹின்னா இல்ல. தலையை லேசா மேல தூக்கி ச்சுன்னு சத்தம் குடுத்தாலும் இல்லைதான், அது நமக்கு சட்டுனு புரிஞ்சிடும்.

தண்ணியைப் பாத்து செலவு பண்ணுங்க. 2024 கோடையில அங்க நீர்த்தேக்கம் எல்லாம் வத்திப்போய் உருளைக்கிழங்கு விவசாயிங்க ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. சோப்பு போடுறப்ப ஷவரை மூடுறது நமக்கு ஒரு நிமிஷ வேலை, அவங்களுக்கு அது பெரிய விஷயம். குடிக்கிறதுக்குக் குழாய்த்தண்ணி வேண்டாம், பாட்டில் வாங்கிக்கோங்க.

பால்கனில துணி காயப்போட்டா கிளிப் போடாம விடாதீங்க, காத்து அடுத்த தெருவுக்குக் கொண்டு போயிடும். மத்தியானம் மூணுல இருந்து அஞ்சரை வரைக்கும் ஊரே ஓய்வெடுக்கும், கோடையில அது சட்டப்படியே அமைதி நேரம், ராத்திரி பதினொண்ணுக்கு மேலயும் அப்படித்தான். குழந்தைங்க ஓடி விளையாடுறது, வீடியோ கால்ல சத்தமா பேசுறது எல்லாம் அந்த நேரத்துல கடற்கரைக்குப் போய் வெச்சுக்கோங்க. பிளக் ரெண்டு உருண்டை முனை, நம்ம ரெண்டு பின் போன் சார்ஜர் பெரும்பாலும் பொருந்தும், மூணு பின்னுக்கு அடாப்டர் வேணும்.

சாப்பாடு விஷயத்துல ஓனரை நம்புங்க. வந்த அன்னைக்கே ஒரு சின்னத் தட்டுல ஸ்பூன் ஸ்வீட் வரும், பழத்தைப் பாகுல போட்டது, கூட ஒரு கிளாஸ் தண்ணி. சில வீட்டுல கித்ரோனும் வரும், அது எலுமிச்சை வகையான சித்ரோன் மரத்தோட இலையில காய்ச்சுற அந்தத் தீவு மது, குடிக்காதவங்க ஸ்வீட்டை மட்டும் எடுத்துக்கிட்டு நெஞ்சுல கை வெச்சு எஃப்ஹரிஸ்தோ, அதாவது நன்றின்னு சொன்னா போதும், யாரும் வற்புறுத்த மாட்டாங்க. சைவக்காரங்க நிஸ்டிசிமோங்கிற வார்த்தையைக் கத்துக்கோங்க, விரத சாப்பாடுன்னு அர்த்தம், கறி, முட்டை, பால் எதுவும் இருக்காது, ஆனா இறால் கணவாய் மாதிரி சிலது விரதத்துல சேத்துக்குவாங்க, அதனால கடல் உணவும் வேண்டாம்னு கூட ஒரு வார்த்தை சொல்லிடணும். தக்காளிக்குள்ள அரிசி அடைச்ச கெமிஸ்தா, பெரிய மொச்சை மாதிரி இருக்கிற கிகாந்தெஸ், வேகவெச்சு எண்ணெய் எலுமிச்சை விட்ட ஹோர்த்தா கீரை, இதெல்லாம் நம்ம நாக்குக்கு ஒத்துப்போகும். நாக்ஸோஸ் உருளைக்கிழங்கு வறுவலும் கிராவியெரா சீஸும் சாப்பிடாம வராதீங்க. எந்தக் கடைன்னு மெனு போர்டைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல எங்க போய் சாப்பிடுவீங்கன்னு ஓனர்கிட்ட கேளுங்க, நான் அப்படிக் கேட்டுப் போன இடம் ஒண்ணுகூட ஏமாத்தல. அபெயிராந்தோஸ், ஹல்கி கிராமத்துக்கு எந்த பஸ், திரும்ப கடைசி பஸ் எத்தனை மணிக்குங்கிறதும் அவங்ககிட்டயே கேட்டுக்கலாம்.

கிளம்புறதுக்கு முந்தின நாள் காத்து எப்படின்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. காத்து ரொம்ப ஏறினா துறைமுக அதிகாரிங்க கப்பலை விடமாட்டாங்க, அதுக்கு அபகோரெஃப்திகோன்னு பேரு, சின்ன வேகக் கப்பல்தான் முதல்ல நிக்கும். அதனால ஊருக்குப் போற விமானத்துக்கு ஒரு ராத்திரி முன்னாடியே ஏதென்ஸ் போய்ச் சேர்ற மாதிரி திட்டம் போடுங்க. அன்னைக்குக் கப்பல் நின்னே போச்சுன்னா அந்த ரூம் காலியா இருக்கான்னு முதல் ஆளா கேளுங்க, எனக்கு ஒரு தடவை அப்படி ஆனப்ப அந்தம்மா வேற ஆள் வராததால அதே ரூமைக் குடுத்தாங்க. காலைல ரூமைக் காலி பண்ணிட்டு சாயங்காலக் கப்பலுக்குக் காத்திருக்கணும்னா பெட்டியை அவங்க வீட்டு வராண்டாவுலயே வெச்சுட்டுப் போகலாம், சாவியைக் கதவுலயே விட்டுட்டு வரச் சொன்னாலும் கீழ ஒரு நிமிஷம் எட்டிப் பாத்து சொல்லிட்டுக் கிளம்புங்க.