கடற்கரை ஊர்களில் உள்ளாட்சித் தேர்தல் கருத்துக் கேட்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு எழுந்தாலே போதும், ராமநாதபுரம் மாவட்டக் கரையில் எஸ்.பி.பட்டினத்திலிருந்து கன்னிராஜபுரம் வரை கையில் நோட்டும் செல்போனுமாகப் பிள்ளைகள் இறங்கிவிடுகிறார்கள். பத்திரிகைக்காக வருகிறவர்கள், கட்சிக்காரர் அனுப்பி வருகிறவர்கள், கல்லூரி ஆய்வுக்காக வருகிறவர்கள் என்று பல வகை. எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: ஆளுங்கட்சி தேறுமா? இந்தக் கரையோரத்தில் பல தேர்தல்களாக நானும் இதே வேலையைத்தான் செய்துவருகிறேன். எங்கள் செட்டு ஆரம்பத்தில் செய்த தவறுகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டீக்கடையில் நாலு பேரைக் கேட்டுவிட்டு ஊர்க்கருத்து என்று எழுதக்கூடாது, கூட்டத்துக்கு வந்த வேன்களை எண்ணி ஓட்டுக் கணக்குப் போடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கடலுக்குப் போன நாளில் போய் நிற்பது

ராமேஸ்வரம் பக்கம் வழக்கமாகத் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. திங்கட்கிழமை சாயங்காலம் தங்கச்சிமடத்தில் தெருத்தெருவாகப் போய்க் கேட்டால் விசைப்படகுக்காரர் யாரும் அகப்படமாட்டார். மறுநாள் காலையில் கரைக்கு வந்ததும் மீனை இறக்கி, ஐஸ் போட்டு, கம்பெனிக்கு எடை கொடுக்கிற நேரத்தில் போய் அரசியல் கேட்டால் வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவார். தூங்கி எழுந்து வலையை எடுத்துப் பார்க்கிற மதிய நேரம்தான் நல்ல நேரம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். பேச ஆள் கிடைக்கும், சரி. ஆனால் அப்போது பேச்செல்லாம் நிவாரணத் தொகை வந்ததா இல்லையா, படகைக் கரையேற்றி மராமத்துப் பார்க்க யாரிடம் கடன் வாங்குவது என்றே போகும். அந்தக் கருத்தைக் கொண்டுபோய் டிசம்பரில் எடுத்த கருத்தோடு சேர்த்து ஒரே பட்டியலில் போடாதீர்கள். இலங்கைக் கடற்படை ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன செய்தி வந்த மறுநாளும் வேண்டாம். அன்றைக்குக் கேட்டால் கொழும்பு, டெல்லி, சென்னை எல்லாவற்றின் மேலும் சேர்ந்து வரும் கோபம்தான் கிடைக்கும். வார்டு மெம்பர் யார் என்பதற்கு அதில் பதில் இருக்காது.

எந்த ஆட்சி என்று சொல்லாமல் கேட்பது

ஆளுங்கட்சி என்றால் பாம்பனில் ஒருவருக்கு டெல்லியில் ஆள்கிற கட்சி, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சென்னையில் ஆள்கிற கட்சி. கட்சியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நாலு ஓட்டை ஒரே ஓட்டாக எழுதுவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கீழக்கரை, ராமேஸ்வரம் நகராட்சிகளிலும் மண்டபம், தொண்டி, சாயல்குடி பேரூராட்சிகளிலும் வாக்காளருக்கு ஒரே ஓட்டு, வார்டு உறுப்பினருக்கு. 2022 பிப்ரவரி 19-இல் நடந்த தேர்தல் அப்படித்தான், மெஷினில். ஊராட்சிகளில் கதையே வேறு. அங்கே ஒருவருக்கு நாலு ஓட்டு: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சிக் குழு உறுப்பினர். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்தபோது வாக்குச்சீட்டுதான். தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்குப் பெரும்பாலும் வெள்ளை. ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் இரண்டு பதவிக்கும் கட்சிச் சின்னமே கிடையாது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும்தான் கட்சி.

இதை எல்லோரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் கரையில் இறங்கியதும் மறந்துவிடுகிறார்கள்.

அந்த 2019 தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் மோர்ப்பண்ணைக் கரையில் பார்த்ததைச் சொல்கிறேன். காலையில் நண்டு வலை வந்திறங்கியிருந்தது. பெண்கள் மணலில் வலையைச் சுற்றி உட்கார்ந்து நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கால் ஒடிந்தால் விலை போகாது என்பதால் கண்ணியை ஒவ்வொன்றாக விலக்கித்தான் எடுக்க வேண்டும். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வந்திருந்த தம்பி நின்றபடியே கேட்டார்: “அக்கா, ஆளுங்கட்சி ஜெயிக்குமா?” அந்த அம்மா வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஜெயிப்பாக தம்பி, அவுகதான் ஜெயிப்பாக” என்றார். தம்பி ஆளுங்கட்சிக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த வலைக்குப் போய்விட்டார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு சீட்டாகக் கேட்டேன். “ரோஸ் சீட்டு எங்க வகையறாவுல நிக்கிறாகள்ல, அவுகளுக்கு. அவுகதான் ஜெயிப்பாகன்னு சொன்னேன். வெள்ளைச் சீட்டு எங்க தெருப் பிள்ளைக்கு. பச்சை, மஞ்சள் ரெண்டும் நாங்க எப்பவும் போடுற கட்சிக்கு.” எப்பவும் போடுகிற கட்சி என்று அவர் சொன்னது எதிர்க்கட்சியை. ரோஸ் சீட்டில் நின்ற உறவுக்காரர் ஊருக்குள் ஆளுங்கட்சிக்காரராக அறியப்பட்டவர், அவ்வளவுதான். அந்த அம்மா போடப்போகிற இரண்டு கட்சி ஓட்டும் ஆளுங்கட்சிக்கு எதிரானவை. நோட்டில் விழுந்த டிக்கோ ஆளுங்கட்சிக்கு.

இப்படி எழுதிய நோட்டுகளை நம்பி ஒன்றிய வார்டுக்கு நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். நாலைந்து கரையோரக் குடியிருப்புகள் முழுக்கத் தன் பக்கம் என்று அவருக்குச் சொல்லிவிட்டார்கள். உள்நாட்டு ஊர்களிலேயே சுற்றினார். கடைசிவரை கரைப் பக்கம் ஓட்டுக் கேட்கவே போகவில்லை. வீட்டு நகையை அடகு வைத்துச் செலவு செய்தவர். பெட்டியைத் திறந்தபோது அவர் தன்னுடையது என்று நினைத்திருந்த ஊர்களிலேயே பச்சைச் சீட்டு அவரைக் கைவிட்டிருந்தது. மக்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் ரோஸ் சீட்டைப் பற்றிச் சொன்னார்கள், கேட்டவர் பச்சையில் எழுதிக்கொண்டார். ஓர் ஒழுங்கான கேள்வி கேட்டிருந்தால் அந்தக் குடும்பம் தப்பியிருக்கும் என்பதுதான் என்னால் மறக்க முடியாதது.

கடற்கரை மக்கள் சீட்டைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொள்வதுதான் இதற்கு அடிப்படை. 2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். இதே ராமநாதபுரம் தொகுதியில் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். ஜெயித்தது தி.மு.க. அணியில் நின்ற நவாஸ் கனி. ஆனாலும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கொஞ்ச நாள் முன்பு கிடைத்த ஒரு சின்னத்தை, ஆறு பேர் நடுவில் சரியாகத் தேடிக் குத்தியிருக்கிறார்கள். இப்படிப் பார்த்துப் போடுகிறவர்களுக்கு நாலு கலர் சீட்டைப் பிரித்துப் போடுவது ஒரு வேலையே இல்லை.

ரிசல்ட் வந்த பிறகு இதே தவறு இன்னொரு வடிவத்தில் வரும். சுயேச்சைச் சின்னத்தில் ஜெயித்த ஊராட்சித் தலைவர் மறுநாளே சால்வையோடு அமைச்சரைப் பார்க்கப் போவார். ஊருக்கு ரோடு வேண்டும், குழாய் வேண்டும், போகத்தான் செய்வார். உடனே அவரை ஆளுங்கட்சிக் கணக்கில் சேர்த்து, இத்தனை ஊராட்சி எங்களுடையது என்று அறிக்கை வரும். அடுத்த தேர்தலில் இந்தப் பிள்ளைகள் அந்த அறிக்கையை அடிப்படைக் கணக்காக வைத்துக்கொண்டு கிளம்புவார்கள். தவறு அப்படியே வளரும்.

செய்ய வேண்டியது இதுதான்: தேர்தல் ஆணையம் அந்தத் தேர்தலுக்குச் சொல்லியிருக்கிற நிறங்களில் நாலு துண்டுக் காகிதம் சட்டைப்பையில் இருக்கட்டும். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, “இந்தச் சீட்டு?” என்று கேளுங்கள். நாலுக்கும் தனித்தனிக் கட்டம். ஒன்றில் சொன்ன பதிலை இன்னொன்றில் நிரப்பாதீர்கள். ஜமாத்திலோ ஊர்க்கூட்டத்திலோ முடிவெடுத்து ஒருவரை அன்னபோஸ்டாக, அதாவது போட்டியே இல்லாமல், கொண்டுவந்திருந்தால் அது ரோஸ் சீட்டோடு முடிந்தது. அந்த ஊர் பச்சைச் சீட்டில் என்ன செய்யும் என்று அதே பெரியவர்களாலும் சொல்ல முடியாது.

போன தேர்தலை அப்படியே ஒட்டுவது

2019 மே மாதம் மக்களவைத் தேர்தல் முடிவு வந்தபோது ஆளுங்கட்சியாக இருந்த அ.தி.மு.க.வுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்தது தேனி ஒன்றுதான். அதே ஆண்டு டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். கட்சி துடைத்தெறியப்படும் என்று எழுதியவர்கள் நிறையப் பேர். தி.மு.க. அணி முந்தியது உண்மைதான். ஆனால் 27 மாவட்டங்களில் இருந்த 515 மாவட்ட ஊராட்சி வார்டுகளில் அ.தி.மு.க. மட்டும் 200-க்கு மேல் ஜெயித்தது.

ஆட்சி மாறிய சூட்டோடு நடக்கிற உள்ளாட்சித் தேர்தல் பெரும்பாலும் புது ஆளுங்கட்சிக்குச் சாதகமாகவே போயிருக்கிறது. 2011 அக்டோபரில் பத்து மாநகராட்சியும் அ.தி.மு.க.வுக்கு, 2022 பிப்ரவரியில் இருபத்தொன்றும் தி.மு.க. அணிக்கு. ஆகவே ஆட்சிக்கு எத்தனை வயது ஆகிறது என்பதையும் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

தலைவர் இல்லாத நேரத்துக் கோபம்

2019-இல் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அப்புறம் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இருக்கும்போது தெருவிளக்கு எரியாவிட்டால் ஜனங்கள் அவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடுவார்கள். அவர் இல்லாத காலத்தில் அந்தச் சத்தம் நேராக அரசாங்கத்தின் மேல் போய் விழும். வேட்பாளர்கள் நின்று, முகம் தெரிந்து, சொந்தபந்தம் பேச ஆரம்பித்ததும் அந்தக் கோபத்தில் ஒரு பகுதி இறங்கிவிடும். ஆகையால் வேட்புமனு முடிவதற்கு முன்னால் எடுத்த கருத்தை முன்பு எடுத்தது என்று தேதியோடு எழுதுங்கள்.

நோட்டை நீட்டிக்கொண்டு போவது

நம் கரையில் நோட்டோடு வருகிறவர் என்றால் கணக்கெடுக்க வந்தவர் என்று அர்த்தம். நிவாரணப் பட்டியல், வீட்டுப் பட்டியல், நலவாரியப் பட்டியல். பெரியபட்டினம் பக்கம் ஒரு வீட்டில், கருத்துக் கேட்கப் போன ஒரு பெண் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஆச்சி உள்ளே போய் ரேஷன் கார்டையும் பேங்க் புத்தகத்தையும் மஞ்சள்பையோடு எடுத்துவந்து கையில் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஆளுங்கட்சி எப்படி என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? நல்லா இருக்காக என்றுதான் சொல்வார். முதலில் பையைத் திருப்பிக் கொடுத்து, நாங்கள் எந்தப் பட்டியலும் எடுக்க வரவில்லை என்று உட்கார்ந்து விளக்குங்கள். கொஞ்சமாவது சந்தேகம் மிச்சமிருந்தால் அந்த வீட்டுப் பதிலைச் சேர்க்காதீர்கள்.

பெண்ணின் கட்டத்தில் வீட்டுக்காரர் பதிலை எழுதுவது

2016-இல் சட்டம் திருத்தி உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் கொடுத்தாகிவிட்டது. ஆனால் கேள்வி கேட்கிறவர்கள் இன்னும் வாசலில் உட்கார்ந்திருக்கிற ஆணிடமே கேட்டுவிட்டு, வீட்டில் எல்லோரும் அப்படித்தானே என்று முடித்துக்கொள்கிறார்கள்.

பெண்கள் பேசுவது வேறு. பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகிற அக்காமார் கடலைவிட்டு ஏறி, துணி மாற்றி, சாப்பிட்ட பிறகு போய்க் கேளுங்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையைப் பற்றிக் கேட்டபோது ஒருவர் சொன்னார்: “ஆயிரம் வருது, இல்லைங்கல. குடத்தத் தள்ளுவண்டியில வச்சு எவ்வளவு தூரம் தள்ளுறோம், அதையும் எழுதிக்கங்க.” பணம் வருகிறது என்பதால் வார்டு ஓட்டு ஆளுங்கட்சிக்கு என்று எழுதிவிட முடியாது. தண்ணீர் வரவில்லை என்பதால் எதிர்க்கட்சிக்கு என்றும் எழுதிவிட முடியாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் தெருக்குழாய்க்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, வராத நாளில் யார் டேங்கர் கொண்டுவந்து நிறுத்தினார் என்று கேளுங்கள். வெள்ளைச் சீட்டுக்கும் ரோஸ் சீட்டுக்கும் பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

சபுராளிகளின் (வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்களின்) பேச்சை ஓட்டாக எண்ணுவது

கீழக்கரை வாட்ஸப் குழுக்களில் சத்தமாகப் பேசுகிறவர்களில் பலர் துபாயில் இருக்கிறார்கள். ஓட்டுப்போட ஊரில் இருக்கிறவர்களைக் கேளுங்கள்.

இடஒதுக்கீடு தெரியும் முன்னே ஆள் பெயரைச் சொல்லிக் கேட்பது

வீண் வேலை. அந்த வார்டு பெண்களுக்கோ பட்டியலினத்தவருக்கோ என்று ஒதுக்கிவிட்டால், நீங்கள் பெயர் சொல்லிக் கேட்ட ஆள் நிற்கவே முடியாமல் போகலாம்.

சின்ன வார்டுக்குச் சதவீதம் போடுவது

ஊராட்சி வார்டு ஒன்றில் சில நூறு ஓட்டுதான். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து தங்கியிருக்கிற, அந்த வார்டிலேயே ஓட்டு உள்ள சொந்தக்காரர்கள் முடிவை மாற்றிவிடுவார்கள். ஓட்டுச் சமமாகிக் குலுக்கல் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த வார்டுகள் உண்டு. அங்கே போய் 52 சதவீதம், 48 சதவீதம் என்று எழுதினால் படிக்கிறவரை ஏமாற்றுவதாகத்தான் ஆகும். இழுபறி என்றோ, இன்னாருக்குச் சாதகம் என்றோ வார்த்தையில் எழுதுங்கள்.

மறைமுகத் தேர்தலையும் வாக்காளர் தலையில் கட்டுவது

ஒன்றியத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஜெயித்த உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். 2022-இல் நகராட்சித் தலைவர்களும் அப்படித்தான் வந்தார்கள். ஆளுங்கட்சியின் உண்மையான பலம் அந்த இடைவெளியில்தான் வெளிப்படும். 2020 ஜனவரி 2-இல் எண்ணிக்கை, 11-இல் மறைமுகத் தேர்தல். அந்த ஒன்பது நாளில் யார் யாரோடு போனார் என்பதற்கும், நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்த அம்மா சொன்னதற்கும் சம்பந்தம் இல்லை.

அதனால் அறிக்கையில் இரண்டு பகுதி வையுங்கள். வார்டுகளில் வாக்காளர் மனநிலை ஒன்று; தலைவர் நாற்காலி யாருக்கு என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு உறுப்பினராக வரக்கூடியவர்களைத்தான் கேட்க வேண்டும். அதையும் எண்ணிக்கை முடிந்த பிறகு கேட்டால் போதும்.